தேய்ந்த கொக்கி

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தவர் கதவுக்கு உள்ளே வந்ததோடு சரி. நாற்காலியில் உட்காரவில்லை. ஐம்பது வயதிருக்கும். வெளுத்த நீலச் சட்டை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கருப்பு படிந்த நகக்கண்கள். சர்வேயரம்மா மூன்று முறை "உட்காருங்க" என்றார். மூன்று முறையும் அவர் "பரவாயில்லம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"விடுங்க அத்தை. உட்காரச் சொல்லிச் சொல்லியே மத்தியானம் ஆயிடும்," என்று மருமகள் நோட்டை எடுத்துக்கொண்டாள்.

சர்வேயரம்மா இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் சேத மதிப்பீடு பார்த்தவர். எரிந்த கிடங்கு, கவிழ்ந்த லாரி, வெடித்த பாய்லர் என்று எது எப்படிக் கெட்டது என்பதைச் சாம்பலையும் ஆணியையும் கிளறியே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வந்தார்கள். மருமகளுக்குப் பல் செட் கட்டும் லேபில் வேலை. விடுமுறை நாளில் மாமியாரோடு ஒட்டிக்கொள்வாள். மகன் கப்பலில் இருந்தான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான், ஆனால் மாமியார் மருமகள் சண்டைக்கு நேரம் கிடைக்காத அளவுக்கு ஊரார் பிரச்சினை வந்துகொண்டிருந்தது.

வந்தவர் துப்பாக்கி பழுதுபார்க்கும் மெக்கானிக்.

"நான் தப்பு பண்ணலைன்னு சொல்ல வரலம்மா," என்று ஆரம்பித்தார். "தப்பு பண்ணிட்டேன். எங்க பண்ணேன்னு தெரியணும். அவ்வளவுதான்."

மருமகளின் பேனா நின்றது. இத்தனை நாளில் இப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லை.

விஷயம் இது. ஊர்த் துப்பாக்கி சுடும் கழகத்தில் இருபது வருடம் செக்ரட்டரியாக இருந்த ஒரு பெரியவர். பதவி போன பிறகும் ஊருக்கு அவர் செக்ரட்டரிதான். புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் முறையை இன்றைக்கும் அவர்தான் சொல்லித் தருகிறார். அவருடைய அப்பா காலத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்று விசை கெட்டுப்போய் மெக்கானிக்கிடம் வந்தது.

"அடிக்கிற ஊசியைப் பிடிச்சு நிறுத்துற சின்னக் கொக்கி ஒண்ணு உள்ள இருக்கும்மா. சுண்டுவிரல் நகம் அளவுதான். விசையை இழுத்தா அது விடும், ஊசி போய் தோட்டாவை அடிக்கும். அந்தக் கொக்கியோட ஓரம் தேஞ்சிருந்தது. தோட்டாவை உள்ள தள்ளி மூடற போல்ட்டைக் கொஞ்சம் வேகமா மூடினாலே வழுக்கி விட்டுடும். விசையில விரலே வைக்க வேண்டாம், வெடிச்சிடும். அந்தக் காலத்துத் துப்பாக்கிக்கு இப்ப பார்ட்ஸ் ஏது? நல்ல இரும்புல நானே ஒண்ணு செஞ்சேன். நெருப்புல காய்ச்சி எண்ணெயில முக்கி, திரும்பவும் இளஞ்சூட்டுல வைக்கோல் மஞ்சள் வர்ற வரைக்கும் வாட்டினேன். அந்த நிறம் வந்தாத்தான் தேயாது, உடையவும் உடையாது. மாட்டிட்டு நூறு தடவை போல்ட்டை அறைஞ்சு மூடிப் பார்த்தேன். ரப்பர் சுத்தியால தட்டினேன். ஒரு தடவைகூட விடலை."

"அப்புறம்?"

"போன வாரம் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிட்டுப் போனார். ஞாயித்துக்கிழமை சுடுதளத்துல சோதிச்சுப் பார்க்கப் போனாங்க, அவர், அவர் சம்சாரம், அவர் தம்பி. தம்பி குறிப்பலகையை மாட்டிட்டுத் திரும்பி வந்திருக்கார். இவர் போல்ட்டை மூடினாராம். விசையைத் தொடவே இல்லையாம். வெடிச்சு, தம்பியோட கெண்டைக்கால்ல..." அவர் தன் காலைத் தொட்டுக் காட்டினார். "போலீஸ்ல கழட்டிப் பார்த்தாங்க. கொக்கி தேஞ்சு வழுவழுன்னு இருக்காம். நான் செஞ்சது ரெண்டு நாள்கூடத் தாங்கலை."

வரும் செவ்வாய்க்கிழமை லைசன்ஸ் விசாரணை. அதற்கு முன்பே அவர் கடையைப் பூட்டிவிட்டார். தன்னிடம் பழுதுபார்த்துக்கொண்ட பதினொரு பேருக்கு, அந்தத் துப்பாக்கியை எடுக்காதீர்கள் என்று கைப்பட எழுதி அனுப்பியிருந்தார்.

"காய்ச்சினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா. நிறத்தைக் கண்ணால பார்த்தேன். அந்த ஞாபகமே பொய்யின்னா, மத்த பதினொண்ணுல என்ன பண்ணி வச்சிருக்கேனோ?"

சர்வேயரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கழட்டின பழைய கொக்கி எங்க?"

"பழைய பாகத்தை எப்பவும் கொடுத்துடுவேன். பிளாஸ்டிக் பாக்கெட்ல போட்டு அவர் கையிலயே கொடுத்தேன்."

"புதுசை வேற யார் பார்த்தது?"

"யாரும் இல்ல. மாட்டி மூடினப்புறம்தான் அவருக்கே போன் பண்ணேன். மூடிட்டா வெளிய தெரியாது."

"போலீஸ்ல அந்தக் கொக்கியை உங்களுக்குக் காட்டினாங்களா?"

"மேசையில வெள்ளைத் துணி விரிச்சு வச்சிருந்தாங்க. 'பாருங்க, எப்படித் தேஞ்சிருக்கு'ன்னு இன்ஸ்பெக்டர் சொன்னார். ஆமான்னு கையெழுத்துப் போட்டேன்."

"என்ன நிறத்துல இருந்தது?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அவர் காது மடல்கள் சிவப்பதை மருமகள் பார்த்தாள்.

"நான் பார்க்கலம்மா," என்றார் கடைசியில். "அந்த அறையில நாலு பேர் நின்னாங்க. நான் துணியோட ஓரத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன். கண்ணை அதுமேல கொண்டுபோகவே முடியலை."

சர்வேயரம்மா எழுந்து கைப்பையை எடுத்தார். "நீங்க பார்க்கலை. சரி, நாங்க போய்ப் பார்க்கறோம்."

துப்பாக்கியைக் கழற்றிப் பரிசோதித்த போலீஸ் ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளர் சர்வேயரம்மாவுக்குப் பழைய பழக்கம். இன்ஸ்பெக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, கம்பிக் கதவைத் திறந்து, துப்பாக்கியையும் ஒரு சின்ன டப்பாவையும் மேசையில் வைத்தார். டப்பாவுக்குள் வெள்ளைத் துணி. துணியில் கொக்கி.

மருமகள் லேபில் பல் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"கருப்பா இருக்கு அத்தை. மஞ்சளே இல்ல. ஓரம் தேஞ்சு உருண்டு போயிருக்கு. அப்புறம் பக்கத்துல ஏதோ... நட்சத்திரம். குட்டியா ஒரு நட்சத்திரம் குத்தியிருக்கு."

பொறுப்பாளர் அவசரமாக வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகக் கண்ணாடியைக் கீழே வைத்தார். "இது கம்பெனி முத்திரை. இந்தத் துப்பாக்கியில நாலஞ்சு இடத்துல இருக்கு."

"அப்ப இது மெக்கானிக் செஞ்சது இல்ல," என்றாள் மருமகள். "பழசு!"

"ரிப்பேர் செய்த பாகம்னு ஃபைல்ல எழுதியிருந்தது. தேஞ்சிருக்கான்னு மட்டும்தான் என்னைக் கேட்டாங்க. நானும் அதை மட்டும் பார்த்தேன்." பொறுப்பாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை வருஷ சர்வீஸ்... சொன்னா வெட்கக்கேடு."

"இப்ப பார்த்துட்டீங்கல்ல. வேற என்ன பார்த்தீங்க? ஃபைல்ல கேட்காததையும் சொல்லுங்க."

அவர் துப்பாக்கியைத் திருப்பினார். அடிப்பக்கத்து இரண்டு ஸ்குருக்களின் தலையில் பள்ளத்தின் உதடுகள் நசுங்கிப் பிசிறடித்திருந்தன. "இது நான் திறக்கும்போதே இப்படித்தான். பழைய துப்பாக்கியில பள்ளம் ரொம்ப ஒடுங்கலா இருக்கும். அதுக்குன்னு முனையை மெல்லிசா ராவின ஸ்குரூ டிரைவர் வேணும். இது யாரோ தடியான முனையை வச்சு நெம்பினது. தொழில் தெரிஞ்சவன் பண்ண மாட்டான். உள்ள பூசியிருந்த எண்ணெயும் வேற. அவர் கருப்பு கிரீஸ் போடுவார், எனக்குத் தெரியும். இதுல தண்ணி மாதிரி மெல்லிசா, நிறமே இல்லாத எண்ணெய்."

"துப்பாக்கி எப்ப உங்க கைக்கு வந்தது?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "திங்கள் காலை பத்து மணி. செக்ரட்டரி வீட்டுல போய் எடுத்துட்டு வந்தது. ஞாயிறு மத்தியானத்துல இருந்து அங்கதான் இருந்திருக்கு."

வெளியே வந்ததும் மருமகள் தாங்கமாட்டாமல் சொன்னாள். "செக்ரட்டரிதான் அத்தை! விரல் பட்டுச் சுட்டுட்டார். பழியை மெக்கானிக் மேல போடப் பழசை மாட்டிட்டார். கேஸ் முடிஞ்சுது."

"எனக்கும் அவர்னுதான் தோணுது," என்றார் சர்வேயரம்மா. "அதனாலதான் அவசரப்படாம போகலாம்னு பார்க்கறேன்."

செக்ரட்டரி வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கேடயங்கள். எதிர்ச்சுவரில் வருடவாரியாகப் பயிற்சி வகுப்புப் புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் செக்ரட்டரி, நிமிர்ந்த முதுகோடு. நேரில் அந்த முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. சோபாவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே அழுத்தி வைத்துக்கொண்டார். மனைவி கொண்டுவந்த டீயை விருந்தாளிகள் குடித்தார்கள். அவர் கோப்பை அப்படியே ஆறியது. ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின், பாதி மடித்துத் தைத்த திரைச்சீலை ஊசியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தச் சுவத்துல இருக்கற ஒவ்வொருத்தனுக்கும் நான் சொன்ன முதல் பாடம், குறி வர்ற வரைக்கும் விரல் விசைக்கு வெளிய," என்றார் செக்ரட்டரி. "நான் தொடலை. போல்ட்டை மூடினேன், வெடிச்சிடுச்சு. எனக்கே முதல்ல சரியாப் புரியலை. போலீஸ் நிபுணர் சொன்னப்புறம்தான் தெளிவாச்சு. மெக்கானிக் நல்ல மனுஷன்தான். கை தவறிப்போச்சு. நான் அவர்மேல கோபப்படலை."

பெருந்தன்மையாகச் சொன்னார். பொய் சொல்கிறவனின் வேகம் அந்தக் குரலில் இல்லை. அதுதான் சர்வேயரம்மாவை யோசிக்க வைத்தது.

"அன்னைக்கு நீங்க வீட்டுக்கு எப்ப வந்தீங்க?"

"எங்க வந்தேன்? தம்பியோட ஆம்புலன்ஸ்ல ஏறினவன், திங்கள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியை விட்டு வெளிய வந்தேன். இவதான் காரையும் துப்பாக்கியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தா."

"மெக்கானிக் பழைய கொக்கியைக் கொடுத்தாராமே?"

"ஆமா, பாக்கெட்ல கொடுத்தார். பிரிச்சுகூடப் பார்த்தேன். மேசை டிராயர்லதான் இருக்கும், இருங்க காட்டறேன்." அவரே எழுந்து போய் டிராயரை இழுத்தார். காகிதங்களைக் கிளறினார். அடுத்த டிராயரையும் பார்த்தார். "இங்கதான் வச்சேன்... எங்க போச்சு?"

"அதை நான் குப்பையில போட்டுட்டேங்க," என்றார் மனைவி. கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். "தேஞ்ச கருப்புத் துண்டு, அது எதுக்கு? மஞ்சளா பளிச்சுன்னு புதுசு போட்டாச்சே, பழசை வச்சு என்ன பண்றதுன்னு..."

"சொல்லிட்டுப் போடக்கூடாதா?" என்று செக்ரட்டரி முணுமுணுத்துக்கொண்டே டிராயரை மூடினார்.

சர்வேயரம்மா டீயின் கடைசி மடக்கைக் குடித்தார். கோப்பையை அவரே எழுந்து அந்த அம்மாவிடம் கொடுத்தார். "டீ நல்லா இருந்தது," என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நிறுத்தத்தை நெருங்கும்போது மருமகள், "அத்தை, ஒண்ணு கவனிச்சேன். முக்கியமான்னு தெரியலை," என்றாள்.

"சொல்லு."

"செக்ரட்டரி சட்டை. வெளியில பார்த்தா பட்டன். ஆனா டிராயரை இழுக்கும்போது மணிக்கட்டுப் பக்கம் சட்டைக்கை விலகுச்சு. உள்ள பிரஸ் பட்டன், அழுத்தினா ஒட்டிக்குமே, அது. மேல இருக்கற பட்டன் சும்மா அலங்காரத்துக்குத் தைச்சது. எங்க லேபுக்கு வர்ற வயசானவங்கள்ல கை நடுங்கறவங்க இப்படித்தான் போட்டுப்பாங்க. பட்டனைத் துளையில நுழைக்க வராது."

சர்வேயரம்மா நின்றுவிட்டார். "அதான் டீயைத் தொடலை."

"அப்ப அவர் அந்தக் குட்டிக் கொக்கியை மாட்டியிருக்கவே முடியாது!" மருமகளின் குரல் உயர்ந்தது. நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்ப அந்த அம்மா? மஞ்சள்னு சொன்னாங்களே! மஞ்சளை மெக்கானிக்கைத் தவிர யாரும் பார்க்கலையே! நானும் கேட்டேன், காதுல விழுந்தும் புத்தியில ஏறலை பாருங்க."

"எனக்கு ஏறிச்சு," என்றார் சர்வேயரம்மா. பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. "பாய்லர் வெடிச்சா யார் முகத்தையும் பார்க்காம எழுதிக் கொடுத்துடலாம். இதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. நாப்பது வருஷமா ஒருத்தர் சட்டைக்குப் பட்டன் தைக்கறவங்க."

அந்த பஸ் போய்விட்டது. அடுத்ததில் போனார்கள்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி மாடி அறையில் ஐந்து பேர் கூடினார்கள், கட்டிலில் இருந்த தம்பியையும் சேர்த்தால் ஆறு. தம்பிக்குக் கால் முழங்கால்வரை கட்டு. அவர் தபால் துறையில் வேலை பார்ப்பவர், கலகலப்பானவர் என்று நர்ஸ்கள் சொன்னார்கள். அன்றைக்குக் கலகலப்பு இல்லை. அண்ணன் ஒரு பக்கம், அண்ணி ஒரு பக்கம். கதவை ஒட்டி மெக்கானிக். சர்வேயரம்மா வற்புறுத்தியதால் வந்திருந்தார். உள்ளே வந்ததும் செக்ரட்டரியின் காலைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

மருமகள் கதவைச் சாத்தினாள்.

"நாளைக்கு விசாரணை. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு தோணிச்சு," என்றார் சர்வேயரம்மா. "துப்பாக்கியில இருந்தது இவர் செஞ்ச கொக்கி இல்ல. பழசு. கம்பெனி நட்சத்திர முத்திரை இருக்கு. பொறுப்பாளரும் பார்த்துட்டார்."

மெக்கானிக் தலை நிமிர்ந்தது. "பழசா?" என்றார். இன்னொரு தரம், "பழசா அம்மா?" என்றார்.

"பழசுதான். உங்க ஞாபகம் பொய் இல்ல."

"இருக்கவே முடியாது," என்று செக்ரட்டரி எழுந்தார். "பழசை நான் டிராயர்ல வச்சேன். நானே பிரிச்சுப் பார்த்தேன்!"

"அதைத்தான் சொல்ல வந்தேன் சார். முதல்ல நான் சந்தேகப்பட்டது உங்களை. ஆனா மாத்தி மாட்டினவர் பழசு டிராயர்ல இருக்குன்னு தானா சொல்லிட்டு, அதைத் தேடவும் போக மாட்டார். வெடிச்சப்புறம் துப்பாக்கி வீட்டுல இருந்த நேரம் முழுக்க நீங்க இங்கதான் இருந்தீங்க. மூணாவது..." அவர் தயங்கினார். "மூணாவது, உங்க கைக்கு அந்த வேலை வராது. மன்னிச்சிடுங்க."

செக்ரட்டரியின் கைகள் தாமாக முதுகுக்குப் பின்னால் போயின. அந்த அறையில் அதைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை.

"ஸ்குருவோட பள்ளம் நசுங்கியிருக்கு," என்று சர்வேயரம்மா யாரையும் பார்க்காமல் தொடர்ந்தார். "தையல் மெஷின் டிராயர்ல குட்டையா, முனை தடியா ஒரு ஸ்குரூ டிரைவர் இருக்கும். உள்ள இருந்தது நிறமில்லாத மெல்லிசான எண்ணெய். மெஷினுக்குப் போடறது. அப்புறம், புதுக் கொக்கி மஞ்சள்னு செஞ்சவருக்கு மட்டும்தான் தெரியும். மூடினப்புறம் வெளிய தெரியாது. திறந்து பார்த்த ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கும்."

அவர் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவும் இல்லை. செக்ரட்டரியின் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். யாரோ வகுப்பில் எழுப்பி நிறுத்தியது போல நின்றார்.

"நான்தான்," என்றார். "மெஷினை நானே கழட்டி மாட்டுவேன். இதுவும் அப்படித்தான் இருந்தது. பழசைப் பக்கத்துல வச்சுப் பார்த்துப் பார்த்து, ஒரு மத்தியானம் பூரா ஆச்சு."

"நீயா?" என்றார் செக்ரட்டரி. "எதுக்கு? அதுதான் தானா வெடிச்சதே! துப்பாக்கி கெட்டுத்தானே..."

"தானா வெடிக்கலைங்க."

"போலீஸே சொல்லிடுச்சு..."

"நான் மாத்தினதால சொன்னாங்க." அவர் கணவரை நேராகப் பார்த்தார். "பின்னாடி பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தேன். உங்க விரல் உள்ள இருந்தது. நடுங்கிச்சு. வெடிச்சிச்சு. சுடுதள வாட்ச்மேன் ஓடி வந்ததும் 'தானா வெடிச்சிடுச்சு'ன்னு கத்தினீங்க. மறுநாள் போலீஸ் வந்து திறந்தா எல்லாம் நல்லா இருக்கும். செக்ரட்டரி பொய் சொல்றார்னு ஊரே சிரிக்கும். நீங்க ஒரு பொய் சொன்னீங்க. நான் அதை நிஜமாக்கினேன். அப்புறம் நீங்களே அதை நம்பிட்டீங்க. நிம்மதியாத் தூங்கினீங்க. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

செக்ரட்டரி கட்டிலைப் பார்த்தார். தம்பி மறுப்பார் என்று எதிர்பார்த்த பார்வை அது.

"டேய், நீ சொல்லுடா. நீ எனக்கு எதிரதானே வந்துட்டிருந்தே."

தம்பி போர்வையின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். "பார்த்தேண்ணே. அண்ணி சொல்றது சரிதான். நான் பலகையை மாட்டிட்டு வர்றதுக்குள்ளயே நீங்க தோட்டாவும் போட்டுட்டீங்க. எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்க... உங்களை எப்படிண்ணே நான் காட்டிக் கொடுக்கறது? கால்தானே, ஆறிடும்னு விட்டுட்டேன்." அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "இவரை நினைக்கலை. சத்தியமா இவரை ஒருத்தரும் நினைக்கலை. அதான் இப்ப..."

செக்ரட்டரி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கைகள் முன்னால் வந்துவிட்டன. இந்தத் தடவை அவற்றை அவர் ஒளிக்கவில்லை, ஒளிக்க நினைவு வரவில்லை. தொடைமீது கிடந்து அவை நடுங்கின. நிபுணர் சொன்ன நாளிலிருந்து அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். விரலில் விசை பட்ட ஞாபகம் அவ்வப்போது வரும். அதிர்ச்சியில் வந்த பிரமை என்று தள்ளிவிடுவார். மெக்கானிக்கைப் பெரிய மனதோடு மன்னித்தும் இருந்தார். அந்த மன்னிப்பு இப்போது நினைவுக்கு வந்தபோது உடம்பே கூசியது.

"நான் உங்கமேல கோபப்படலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்," என்றார் மெக்கானிக்கிடம். "கோபப்படலையாம். நான்!"

மெக்கானிக்குக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மருமகள் அதை எதிர்பார்த்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் கேட்டது வேறு.

"நான் செஞ்சது எங்கம்மா இருக்கு?"

செக்ரட்டரியின் மனைவி கைப்பையைத் திறந்தார். உள்ளே நூல்கண்டு வைக்கும் சின்ன டப்பா. அதற்குள் பஞ்சில் சுற்றி வைத்திருந்தார். "தூக்கிப் போட மனசு வரலை தம்பி. அவ்வளவு அழகாச் செஞ்சிருந்தீங்க."

மெக்கானிக் அதை வாங்கி ஜன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைக்கோல் மஞ்சள். ஓரம் கத்தி போல் நேராக இருந்தது. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டியபடி கொஞ்ச நேரம் நின்றார். தோள் குலுங்கியது.

"அன்னைக்கு ஒரு நிமிஷம் குனிஞ்சு பார்த்திருந்தா போதும்," என்றார் திரும்பாமலே. "என் வேலையா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

சர்வேயரம்மா சொன்னார்: "நான் போலீஸுக்குப் போன் பண்ணலை சார். பொறுப்பாளரையும் இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கேன். போகணும்னா நீங்களே போகலாம். பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் இருப்பார்."

செக்ரட்டரி எழுந்தார். "வா," என்றார் மனைவியிடம்.

"நான் மட்டும் போய் சொல்லிடறேங்க. மாத்தினது நான்தானே."

"சுட்டது நான்," என்றார் அவர்.

ஸ்டேஷனுக்குத் தம்பியைத் தவிர எல்லோருமே போனார்கள். இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. பிறகு எரிச்சல்பட்டார். எரிச்சலில் பாதி தன்மேலேயே என்பது பொறுப்பாளரை அழைத்த விதத்தில் தெரிந்தது. மெக்கானிக்மீது நடவடிக்கை வேண்டாம் என்று லைசன்ஸ் அலுவலகத்துக்குக் கடிதம் அப்போதே தட்டச்சானது. செக்ரட்டரிமீது கவனக்குறைவுக்கும், அந்த அம்மாள்மீது சாட்சியத்தை மாற்றியதற்கும் வழக்கு உண்டு என்றார். துப்பாக்கி திரும்பி வராது. செக்ரட்டரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கழகத்துக்குத் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொல்கிறேன் என்றார். வாக்குமூலத்தைத் தானே எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று. ஒரு வரிக்கு இரண்டு நிமிடம் ஆனது. சர்வேயரம்மா அவருக்காகக் காகிதத்தின் மேல்முனையை நகராமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வராந்தா பெஞ்சில் மெக்கானிக் ஒரு கோடியில், செக்ரட்டரியின் மனைவி மறுகோடியில். கொஞ்சம் தள்ளி மருமகள் நின்றாள். போகலாமா இருக்கலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தம்பி," என்றார் அந்த அம்மா. "மன்னிப்பு கேட்க எனக்கு யோக்கியதை இல்ல. என்னை நல்லா நாலு வார்த்தை திட்டிடுங்க. வாங்கிக்கறேன்."

மெக்கானிக் திட்டவில்லை. மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"கடையைப் பூட்டின அன்னைக்கு என் பொண்ணு கேட்டா, அப்பா நீ ஒருத்தரைச் சுட்டுட்டியான்னு. ஸ்கூல்ல சொன்னாங்களாம். இல்லம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அடுத்த நாள் என் சம்சாரம் ஒரு வார்த்தை கேட்கலை, ஆனா அடுப்பு லைட்டரை ரிப்பேருக்குப் பக்கத்துக் கடையில கொடுத்துட்டு வந்தா. வீட்டுல நான் சும்மா உட்கார்ந்திருக்கேன். லைட்டர் வெளிய போகுது. அந்தப் பதினொரு பேருக்கும் எழுதினேனே, அதுல ஒருத்தர் போன் பண்ணி, பரவாயில்லப்பா எல்லாருக்கும் வயசாகுதுன்னார். எனக்கு ஐம்பத்தோரு வயசும்மா..."

அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. மெக்கானிக் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் கேட்டு, கண்ணைத் தாழ்த்தாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே தட்டச்சு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் மூச்சு வாங்க நிறுத்தினார்.

"இன்னும் இருக்கா தம்பி?"

"இருக்கும்மா."

"சொல்லுங்க," என்று அந்த அம்மா பெஞ்சில் அவர் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.